உறுதியில் எழுதப்படாத பங்கு: நிலத்தடி நீரும் ஒரு பொருளியலாளரின் பணியும்

பொருளியல் என்றதும் எங்களில் பலருக்கு மத்திய வங்கியும், டொலரின் விலையும், வரவு செலவுத் திட்டமுமே நினைவுக்கு வருகின்றன. கிணறும் மலக்குழியும் ஆறும் ஒரு பொருளியல் பேராசிரியரின் ஆய்வுப் பொருளாக இருக்கக்கூடும் என்று நாம் எண்ணுவதில்லை. ஆனால், ஓர் ஆற்றை அழுக்காக்கியவர் யார், அதன் நட்டத்தைச் சுமப்பவர் யார், அந்த நட்டத்தை எப்படிக் கணக்கிடுவது, இனி நடவாதிருக்க எந்த ஒழுங்கு வேண்டும் என்ற நான்கு கேள்விகளையும் ஒன்றாக வைத்து ஆராயும் துறை ஒன்று உண்டு. அதுவே சுற்றாடல் பொருளியல்.

தமிழ்நாட்டில் இத்துறையில் நீண்டகாலம் உழைத்தவர்களில் ஒருவர் பேராசிரியர் எஸ். ஜனகராஜன். 1971 இல் மால்கம் ஆதிசேசய்யா தோற்றுவித்த சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தில் அவர் ஆய்வும் கற்பித்தலும் செய்தார். பொருளியல் நான் கற்ற பாடமல்ல. நான் தமிழ் படித்தவன். ஆயினும் கொக்குவிலில் குடியிருந்து கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறவன் என்ற வகையில் அவருடைய பணி எனக்கு மிகவும் அருகில் உள்ள விடயமாகப் பட்டது. முஸ்லிம் வாசகர்களுக்கு அதில் இன்னொரு காரணமும் உண்டு. அதைப் பின்னர் சொல்கிறேன்.

எங்கள் நிலத்தின் கீழே

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வழுக்கையாறும் மழைக்காலத்தில் மட்டுமே ஓடும். வடகீழ்ப் பருவ மழை செம்மண்ணில் இறங்கி, அடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தங்குகிறது. கடல்நீரும் அதே கல்லின் அடியில் புகுந்து நிற்கிறது. நன்னீரின் அடர்த்தி குறைவு. ஆகவே அது உவர்நீருக்கு மேலே ஒரு வில்லை போல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியலாளர்களின் கணக்கு. இதைத் திருப்பிப் பார்த்தால்தான் பயம் வரும். மேலே 1 அடி குறைந்து அப்படியே நீடித்தால், கீழேயிருந்து 40 அடி உவர்நீர் மேலேறும்.

துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் மனிதனின் முதுகெலும்பே ஒரு கட்டுப்பாடு. எவ்வளவு இறைக்கலாம் என்பதை உடம்பு தீர்மானித்தது. இயந்திரம் வந்தபின் அந்தக் கட்டுப்பாடு போய்விட்டது. புகையிலைத் தோட்டத்துக்கும் சுருட்டுக் கொட்டில்களுக்கும் பேர்போன கொக்குவிலில் இன்று தோட்டங்கள் குறைந்து வீடுகள் நெருங்கிவிட்டன. இரண்டு பரப்பு, மூன்று பரப்புக் காணிகளில் ஒரு மூலையில் கிணறு, மறு மூலையில் மலக்குழி. மதிலுக்கு அந்தப்பக்கம் அடுத்த வீட்டுக்காரரின் மலக்குழி. கல்லின் வெடிப்புக்கு மதில் தெரியாது.

ஒருமுறை அயலில் உள்ள வயதான அம்மா ஒருவரிடம் இதைப்பற்றிப் பேசியபோது அவர் சொன்னார்: “மாஸ்டர், எங்கட காணிக்குள்ள எங்கட கிணறு. நாங்க இறைக்கிறதுக்கு ஆரிட்டக் கேக்கோணும்?” அவர் கேட்டதில் தவறில்லை. நாம் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறோம். சட்டமும் பெரும்பாலும் அப்படித்தான் நினைக்கிறது. இந்தியாவில் 1882 ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தின் வழிவந்த வழக்கப்படி, நிலத்தின் சொந்தக்காரரே அதன் கீழுள்ள நீரை எடுக்கும் உரிமையாளர்.

நல்லவர்கள் சேர்ந்து செய்யும் கேடு

இங்கேதான் பொருளியலாளர் உள்ளே வருகிறார். ஒருவரின் செயலால் வரும் நன்மை அவருக்கும், அதன் செலவில் ஒரு பகுதி மற்றவருக்கும் போய்ச் சேருமானால், அந்தச் செலவைப் ‘புறவிளைவு’ என்கிறார்கள். பிரித்தானியப் பொருளியலாளர் பிகூ 1920 இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக ஆராய்ந்தார். பிறருக்கு ஏற்படுத்தும் நட்டத்தின் அளவுக்கு வரி விதித்தால் செய்பவர் தாமே குறைத்துக்கொள்வார் என்பது அவர் காட்டிய வழி.

எங்கள் உயர்தர மாணவர்கள் இதன் வரைவிலக்கணத்தை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதுகிறார்கள். உதாரணத்துக்குத் தொழிற்சாலைப் புகையையும் எழுதுகிறார்கள். தங்கள் வீட்டுக் கிணற்றை எழுதுவதில்லை.

ஜனகராஜனின் ஆய்வுகள் இந்த வரைவிலக்கணத்தைத் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குள் கொண்டுபோயின. அவர் கண்டது இது: நீர்மட்டம் இறங்கும்போது ஒருவர் கிணற்றை ஆழமாக்குகிறார். அயலவரின் கிணறு வற்றுகிறது. அவரும் கடன்பட்டு ஆழமாக்குகிறார். இப்படியே போட்டி தொடர்கிறது. பணமுள்ளவர் ஆழ்துளைக் கிணறு போட்டுத் தப்பிக்கொள்கிறார். இல்லாதவரோ, தன் காணிக்குப் பாய்ச்சும் நீரை அந்தப் பணக்காரரிடமே விலைக்கு வாங்கும் நிலைக்கு வருகிறார். நீர் விற்பவரின் கையில் வருமானத்தோடு அதிகாரமும் சேர்கிறது. மார்க்கஸ் மோன்ச் என்பவருடன் சேர்ந்து 2006 இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே, கிணறு உழவனின் நல்வாழ்வுக்கு ஆபத்தாகிவிடுமா என்று அவர்கள் கேட்டார்கள்.

இந்தக் கதையில் கெட்டவன் யாரும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொருவரும் தன் பயிரைக் காப்பாற்றத்தான் இறைத்தார்கள். எல்லோரும் சேர்ந்து செய்தது கேடாக முடிந்தது. புத்திமதி மட்டும் சொல்லி இதைத் தீர்க்க முடியாது. ஒழுங்கு ஒன்று வேண்டும். அந்த ஒழுங்கை ஆராய்வதே பொதுக்கொள்கை என்ற பாடம்.

பாலாறும் எங்கள் சமுதாயமும்

முன்பு சொன்ன அந்த இன்னொரு காரணத்துக்கு வருகிறேன். பாலாற்றுப் படுகையில் உள்ள வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு போன்ற ஊர்கள் தோல் பதனிடும் தொழிலால் வளர்ந்தவை. அத்தொழிலில் தமிழ்நாட்டு முஸ்லிம்களின் பங்கு பெரியது. 1919 இல் தொடங்கிய வாணியம்பாடி இஸ்லாமியக் கல்லூரி போன்ற கல்வி நிலையங்களுக்குத் தோல் வணிகர்களின் கொடை துணைநின்றது. தமிழ்நாட்டு முஸ்லிம்களின் கல்வி வரலாற்றை எழுதும்போது இதை நாம் பெருமையோடு சொல்கிறோம்.

அதே தொழிலின் கழிவுநீர் பாலாற்றின் மணலிலும் வயல்களிலும் கிணறுகளிலும் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991 இல் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 ஓகஸ்ட் 28 இல் வந்த தீர்ப்பு இந்தியச் சுற்றாடல் சட்டத்தின் மைல்கற்களில் ஒன்று. தோல் பதனிடும் பகுதிகளில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேயர் விவசாய நிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிர்செய்யத் தகுதியற்றுப் போனது என்பதை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. திண்டுக்கல் பக்கத்தில் 13 கிராமங்களில் பார்க்கப்பட்ட 467 கிணறுகளில் 350 மாசடைந்திருந்ததையும் அது குறிப்பிட்டது. மாசுபடுத்தியவரே செலுத்த வேண்டும், ஆபத்து வருமுன்னரே தடுக்க வேண்டும் என்ற இரு கோட்பாடுகளையும் நீதிமன்றம் அந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றுக்கொண்டது. நட்டத்தைக் கணக்கிட ஓர் அதிகார சபையும் அமைக்கப்பட்டது.

தீர்ப்போடு ஆறு சுத்தமாகிவிடவில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டப்பட்டன. ஆனால் நீரில் கரைந்த உப்பை அவற்றின் வழமையான முறைகளால் நீக்க முடியவில்லை. இழப்பீடும் எல்லோருக்கும் நியாயமாகப் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30 இல் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றுப் பிரச்சினையில் மீண்டும் ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. மனுப்போட்டு 33 வருடங்களுக்கு மேல் கடந்திருந்தது.

ஜனகராஜனும் அவருடைய நிறுவனத்தினரும் 2002 இல் வேறொன்றைச் செய்து பார்த்தார்கள். பாலாற்றுப் படுகையின் விவசாயிகள், தோல் தொழிற்சாலை உரிமையாளர்கள், அதிகாரிகள், தொண்டர்கள், சட்டத்தரணிகள் எல்லோரையும் ஒரே மண்டபத்தில் உட்காரவைத்தார்கள். நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றவர்கள் முகம் பார்த்துப் பேசினார்கள். அடுத்த ஆண்டில் காவிரிப் பிணக்கிலும் இதே முறை வந்தது. கர்நாடக, தமிழ்நாட்டு விவசாயிகள் கூடிப்பேசும் ‘காவிரிக் குடும்பம்’ 2003 இல் உருவானபோது அதிலும் அவருக்குப் பங்கிருந்தது. பேச்சு எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால், கடந்த நட்டத்துக்கு நீதிமன்றம் விலை சொல்லலாம். நாளைக் காலை எந்தக் குழாயை யார் திறப்பது என்பதை அந்த நீரோடு வாழ்பவர்கள்தான் இணங்கி நடத்த வேண்டும். இந்த உண்மையை ஒரு பொருளியல் பேராசிரியர் தன் ஆய்வறைக்கு வெளியே வந்து சோதித்துப் பார்த்தார்.

பாலாற்றிலிருந்து நமது சமுதாயம் படிக்க வேண்டிய பாடம் கசப்பானது. கல்லூரிக்குக் கொடுத்த ஸதகாவைக் கணக்கில் எழுதுகிறோம். கீழ்ப்புறத்து விவசாயியின் கிணற்றில் இறங்கிய உப்பையும் அதே கணக்குப் புத்தகத்தில் எழுதியிருக்க வேண்டும். அந்தக் கிணற்றுக்காரர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள், ஏனையோரும் இருந்தார்கள்.

சுன்னாகம்: எண்ணெய்க்கு ஒரு விலை

எங்கள் பக்கமும் இப்படியொரு வழக்கு நடந்தது. கொக்குவிலுக்கு வடக்கே சில மைல் தூரத்தில் உள்ள சுன்னாகத்தில், மின்நிலையப் பகுதியை அண்டிய கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. சனங்கள் பவுசர் தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்றார்கள். 2019 ஏப்ரல் 4 இல் இலங்கை உயர் நீதிமன்றம், நொர்தேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பாதிக்கப்பட்ட 500 பேர் வரையில், ஒருவருக்கு 40,000 ரூபாவுக்கு மேற்படாமல் பகிரப்பட வேண்டிய தொகை அது. எப்பாவல பொஸ்பேற்று வழக்கில் 2000 ஆம் ஆண்டே நமது நீதிமன்றம் எடுத்தாண்ட ‘மாசுபடுத்தியவரே செலுத்தல்’ கோட்பாடு இங்கும் பயன்பட்டது.

40,000 ரூபா ஒரு கிணற்றுக்கு நியாயமான விலையா? இதைக் கணக்கிடப் பொருளியலாளர்களிடம் சில முறைகள் உண்டு. ஒன்று, கேட்டைத் தவிர்க்கச் சனங்கள் செய்த செலவைக் கூட்டுவது: போத்தல் தண்ணீர், வடிகட்டி, தண்ணீர் தூக்கிய நேரம். இரண்டு, காணி விலை எவ்வளவு இறங்கியது என்று பார்ப்பது. மூன்று, சுத்தமான நீருக்கு நீங்கள் எவ்வளவு கொடுக்கச் சம்மதிப்பீர்கள் என்று நேரே கேட்பது. மூன்றாவது முறையில் ஒரு சிக்கல் உண்டு. கூலிக்குப் போகிறவர் 500 ரூபா என்பார். வெளிநாட்டிலிருந்து காசு வருகிறவர் 5,000 என்பார். ஏழையின் தாகம் சிறியது என்று இதற்குப் பொருளாகாது. இந்த முறைகளைக் கற்பிக்கும் நல்ல ஆசிரியர்கள் அவற்றின் குறைகளையும் சேர்த்தே கற்பிக்கிறார்கள்.

வழக்குப் போட முடியாத மாசு

சுன்னாகத்தில் சுட்டிக்காட்ட ஒரு நிறுவனம் இருந்தது. குடாநாட்டுக் கிணறுகளில் உள்ள நைத்திரேற்றுக்கு அப்படி ஒருவரைச் சுட்ட முடியாது. பசளை போட்ட தோட்டமும், அடிப்பகுதி கட்டாத மலக்குழியும் சேர்ந்து செய்த வேலை அது. 1980களின் தொடக்கத்திலிருந்தே இதை ஆய்வாளர்கள் எழுதி வருகிறார்கள். ஒரு லீற்றரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். கூடினால் முதலில் ஆபத்து, போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தைக்கு. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறன் குறைந்து உடம்பு நீலம் பாரிக்கும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்றுவதால் இன்னும் செறிவாகும். இதை ஒவ்வொரு தாயும் அறிந்திருக்க வேண்டும்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட எங்கள் சனங்களில் பெரும்பாலானோர் புத்தளத்தில் தங்கினார்கள். அந்த மாவட்டத்தின் கற்பிட்டியில் மணலின் கீழும் இதே போன்ற நன்னீர் வில்லை. அங்கும் செறிவான தோட்டச் செய்கையால் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியிருக்கிறது. ஆகவே யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியவர்களுக்கும் புத்தளத்திலேயே இருந்துவிட்டவர்களுக்கும் இது ஒரே பிரச்சினைதான்.

அரசாங்கம் பசளையைத் தடுத்தால் போதாதா என்று கேட்கலாம். அதையும் பார்த்துவிட்டோம். நீண்டகாலம் மானியத்தால் பசளையை மலிவாக்கி அள்ளிப்போடப் பழக்கிய அதே நாடு, 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தியது. விளைச்சல் விழுந்தது, விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள், நவம்பரில் தடை கைவிடப்பட்டது. நோக்கம் எதுவாயினும், படிப்படியாகக் குறைக்கும் வழியும் மாற்று ஏற்பாடும் இல்லாத கொள்கை எப்படித் தோற்கும் என்பதற்கு இனி உலகெங்கும் வகுப்பறைகளில் எங்கள் நாட்டையே உதாரணம் காட்டுவார்கள்.

வெளியிலிருந்து நீர் கொண்டுவருவதும் எளிதாக இருக்கவில்லை. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குழாயில் கொண்டுவரும் திட்டத்தைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்களின் வயலுக்கும் எங்கள் வாய்க்கும் இடையில் வந்த பிணக்கு அது. முடிவில் தாளையடியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் குடிநீரைத் தரும் நிலையம் கட்டப்பட்டு 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. அது பெரிய ஆறுதல்தான். ஆனால் கடல்நீரைச் சுத்திகரிக்க மின்சாரம் நிறைய வேண்டும். அத்துடன், குழாயால் வீட்டுக்குள் வந்த நீர் கழிவாக எங்கே போகும்? பழைய மலக்குழிக்குத்தான். குழாய் வந்துவிட்டது என்று கிணற்றைக் கைவிட்டால், அடுத்த வறட்சியில் திரும்பிப் பார்க்க நல்ல கிணறு இருக்காது.

பங்குக் கிணறும் ஹரீமும்

அப்படியானால் வழி என்ன? அரசியல் அறிஞரான எலினோர் ஒஸ்ட்ரம் தனது கலாநிதிப் பட்ட ஆய்வை 1965 இல் முடித்தார். லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில், கடல்நீர் புகுந்துகொண்டிருந்த ஒரு நிலத்தடி நீர்ப்படுகையை அங்குள்ள பாவனையாளர்களே பேசி, வழக்காடி, இறைக்கும் அளவைக் குறைத்துக் காப்பாற்றிய வரலாறே அதன் பொருள். எங்கள் பிரச்சினைக்கு இதைவிட நெருங்கிய உதாரணம் கிடையாது. அந்த வழியில் தொடர்ந்து ஆராய்ந்து, பொதுவளத்தைப் பாவிப்பவர்களே ஒழுங்கு அமைத்துக் காக்க முடியும் என்று காட்டியதற்காக 2009 இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணி அவர்தான். எல்லை தெளிவாக இருக்க வேண்டும், விதியை ஆக்குவதில் பாவிப்பவருக்குப் பங்கு வேண்டும், கண்காணிப்பு வேண்டும், மீறினால் முதலில் சிறிய தண்டம், பிறகு பெரியது. இவை அவர் கண்ட பொது அம்சங்களில் சில.

யாழ்ப்பாணத்தாருக்கு இது புதிதல்ல. பழைய காணி உறுதிகளில் கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் உரிமையும் எழுதியிருப்பார்கள். பங்குக் கிணற்றில் இன்ன நாள் இன்னாருக்கு இறைப்பு என்று முறை இருந்தது. ஆனால் அந்த உறுதி கிணற்றின் வாயைத்தான் பங்கிட்டது. கொக்குவில், கோண்டாவில், சுன்னாகம் எல்லாவற்றுக்கும் அடியில் தொடர்ந்து கிடக்கும் நீரில் எல்லோருக்கும் உள்ள பங்கு எந்த உறுதியிலும் எழுதப்படவில்லை. எழுதப்படாத அந்தப் பங்கை எப்படி மதிப்பது என்பதே இன்றைய கேள்வி.

எங்கள் மார்க்கத்தில் அதற்கு இடமுண்டு. நீர், மேய்ச்சல், நெருப்பு மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்ற கருத்துடைய ஹதீஸ் அபூதாவூத், இப்னு மாஜா தொகுப்புகளில் உள்ளது. பிறருக்குத் தீங்கிழைக்கலாகாது என்ற அடிப்படையில் பிக்ஹு அறிஞர்கள் பல சட்டங்களை வகுத்தார்கள். கிணற்றைச் சுற்றி மற்றவர் தோண்டவோ கெடுக்கவோ கூடாத காப்பெல்லைக்கு ‘ஹரீம்’ என்று பெயர். மதீனாவில் ரூமா கிணற்றை உஸ்மான் (ரழி) அவர்கள் விலைகொடுத்து வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். மிம்பரில் இவற்றை நாம் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் பள்ளிவாசலின் புதிய மலசலகூடத்துக்குக் குழி வெட்டும்போது, அடுத்த வீட்டுக் கிணறு எத்தனை அடியில் இருக்கிறது என்று அளந்து பார்க்கும் நிர்வாகங்கள் எத்தனை?

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. ஒவ்வொரு பாடசாலையும் பள்ளிவாசலும் தன் கிணற்றின் நீர்மட்டத்தை மாதம் ஒருமுறை கயிறு விட்டு அளந்து ஒரு கொப்பியில் எழுதலாம். ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், நீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவை அறிவித்தல் பலகையில் ஒட்டலாம். வுழூச் செய்த நீரைத் தோட்டத்துக்குத் திருப்பலாம். கூரை மழைநீரை நிலத்துக்குள் இறக்கலாம். புதிய மலக்குழிகளை அடிப்பகுதி கட்டி, கழிவை பவுசரில் அகற்றும் வகையில் அமைக்கலாம். வசதியற்ற குடும்பத்துக்கு அந்தச் செலவைப் பைத்துல்மாலிலிருந்து கொடுக்கலாம்; அது அந்தக் குடும்பத்துக்கு மட்டுமன்றி அயலுக்கெல்லாம் செய்யும் உதவி. கோயிலும் தேவாலயமும் பிரதேச சபையும் இதில் சேரவேண்டும். எங்கள் கொப்பியை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நீர்ப்படுகையைக் காக்க முடியாது.

உயர்தர வகுப்பில் பொருளியல் கற்பிக்கும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை புறவிளைவைக் கற்பிக்கும்போது மாணவர்களைத் தங்கள் வீட்டுக் கிணற்றுக்கும் மிக அருகிலுள்ள மலக்குழிக்கும் உள்ள தூரத்தை அளந்துவரச் சொல்லுங்கள். அது யாருடைய மலக்குழி என்பதையும் எழுதிவரட்டும். பாதிப் பேராவது அயலவரின் பெயரை எழுதிக்கொண்டு வருவார்கள் என்று நினைக்கிறேன். அந்த அயலவரின் பிள்ளையும் அதே வகுப்பில் இருக்கக்கூடும். அவருடைய தாளில் இவர்கள் வீட்டின் பெயர் இருக்கும்.